பனிப்பெட்டியில் வைத்த பால்

சங்கரன்கோவில்
4-2-1980

திரு. சண்முகையா அவர்களுக்கு,

முப்பிடாதி எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். அங்கே உங்கள் சௌகரியத்தைக் கேட்க நான் இதை எழுதவில்லை.

உங்கள் அண்ணனை மண்ணில் வைத்த அன்றோடு நமக்குள் பேச்சு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து மெட்ராஸில் ஆராய்ச்சி செய்கிறவருக்கு எதற்கு. நேற்றுத் தங்கப்பழம் அண்ணாச்சி வந்திருக்காவிட்டால் இதையும் எழுதியிருக்க மாட்டேன். மெட்ராஸில் கண் ஆபரேஷன் முடிந்து, பச்சைத் துணி தொங்குகிற கண்ணோடு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நம் வாசலுக்குத்தான் வந்தார்.

"ஏட்டி முப்பிடாதி, ஒரு சங்கதி சொல்லுதேன், கேட்டா சந்தோசப்படுவே. ஒம் மாப்பிள்ளை இன்னும் மெட்ராஸ்லதான் இருக்கான்."

"மருந்தைக் கண்ணுல விட்டாகளா, வாயில ஊத்துனாகளா அண்ணாச்சி?"

"நெசமாத்தான் தாயி. ஒங் கொழுந்தன் அவன் வேலை பாக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனான். ஆள் உசரத்துக்கு ஐஸ்பெட்டி. அதுக்குள்ள விரல் தண்டிக்கு ஒரு கண்ணாடிக் குழாய். மூக்காண்டின்னு இங்கிலீசுல எழுதி ஒட்டியிருக்கு."

"இங்கிலீசு ஒமக்கு எப்பவே தெரிஞ்சுது?"

"அவன்தான் வாசிச்சுக் காட்டுனான். உள்ள பாலு உறைஞ்ச மாதிரி இருக்கு. இதுதான் எங்க அண்ணன் ரத்தம்னான். நான் செருப்பைக் கழத்திட்டுக் கும்பிட்டுட்டு வந்தேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போனார். நான் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மேலநீலிதநல்லூர்த் தோட்டத்தில், அத்தை மாமா பக்கத்தில் அவரை வைத்தோம். மறுநாள் காடாத்து அன்று, கூடப் பிறந்த நீங்கள் இருந்து அந்த மண்மேட்டில் ஊற்ற வேண்டிய பாலைச் சித்தப்பா மகன் ஊற்றினான். நீங்கள் முந்தின நாளே ரயில் ஏறிவிட்டீர்கள். போகட்டும். எல்லாம் முடிந்தது, மனுஷன் மண்ணுக்குப் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். முழுசாகப் போகவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அவருக்குக் குளிர் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாதா? மார்கழியில் ஆட்டுக்கிடைக் காவலுக்குப் போனால் கம்பளியைத் தலையோடு மூடி, மேலே சாக்கையும் போட்டுக்கொண்டு படுக்கிற மனுஷன். அவரை ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் நான் சொன்ன சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை. கஞ்சி வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன், சாகக் கிடக்கிற அண்ணன் கையில் ஊசியைச் சொருகிக்கொண்டு நிற்கிறீர்கள். "மாட்டைக் கறக்குத மாதிரி கறக்குதியே, நீ மனுசனாலே, இனிமே என் வாசலை மிதிக்காதே" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

ஆனி மாதம் தலைத்திவசம். அதற்குள் அந்தக் குழாய் எனக்கு வர வேண்டும். தபாலில் வேண்டாம். அவர் என்ன துணியா, மணியா. யாராவது ஆள் வந்தால் கொடுத்து விடுங்கள்.

முப்பிடாதி


சென்னை
11-2-1980

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. என்னைத் திரு. போட்டு எழுதியிருக்கிறீர்கள். இதுவரை நம் ஊரில் யாரும் எனக்குத் திரு. போட்டதில்லை. அது போதும், நீங்கள் எவ்வளவு கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள.

தங்கப்பழம் அண்ணாச்சி சொன்னது உண்மைதான். ஆனால் குழாயில் இருப்பது முழு ரத்தம் இல்லை. சிவப்பெல்லாம் அன்றே கீழே இறங்கிவிட்டது. அதன் மேலே நின்ற பால் மட்டும்தான் இருக்கிறது.

அதை ஏன் வைத்திருக்கிறேன் என்று முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனுக்குச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லவில்லை. குழம்புச் சட்டி கழுவும்போது பார்த்திருப்பீர்கள், எண்ணெய் தண்ணீரோடு சேராது, தனியே மிதக்கும். ரத்தத்திலும் பெரும்பகுதி தண்ணீர்தான். சாப்பிடுகிற கொழுப்பு அதில் தானாகப் போக முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு போக ரத்தத்துக்குள் சில புரதங்கள் இருக்கின்றன. நம் ஊர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அவை மூட்டையை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிடும். அண்ணனுக்கு இறங்கவே இல்லை. தெரு முழுக்க மூட்டை தேங்கிக் கிடந்தது. அதுதான் நாம் பார்த்த பால். வயிற்றில் கொண்டுபோய் நெருப்பு வைத்ததும் அதுதான்.

ஏன் இறங்கவில்லை என்பதுதான் என் கேள்வி. கேட்டுப் பார்க்க அந்த ஒரு குழாய்தான் பாக்கி. அதைக் கொடுத்துவிட்டால் அண்ணனைப் பற்றி இனி யாரும் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் தொட மாட்டேன். இத்தனை மாதமும் தொடவில்லை.

அன்புடன்
சண்முகையா


சங்கரன்கோவில்
25-2-1980

சண்முகையாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூட்டை தூக்குகிற கதை புரிந்தது. ஆனால் மூட்டை ஏன் இறங்கவில்லை என்று இனித் தெரிந்து யாருக்கு என்ன? இறக்கி வைக்க அவர் இருக்கிறாரா?

பாலைப் பற்றி எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான மறு வருஷம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார் என்று இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ரத்தம் எடுத்த கம்பவுண்டர் கொஞ்ச நேரத்தில் குழாயோடு ஓடி வந்தார். கீழே சிவப்பு, மேலே ஆடை கட்டின பால். ஆயா, நர்ஸ் எல்லோரும் வந்து பார்த்தார்கள். உங்கள் அண்ணன் அந்த வலியிலும், "ஆடு மேய்க்கவனுக்குப் பாலு வெளியே மட்டும் போதும்னு நெனச்சேன், உள்ளயும் கறக்கலாம் போலுக்கே" என்றார். நான் சிரித்துவிட்டேன். பயத்திலேதான் சிரித்தேன்.

அன்றைக்கு டாக்டர் சொன்னார், இனி எண்ணெய், நெய், பால், கறி எதுவும் நாக்கில் படக்கூடாது என்று. ஆட்டு வியாபாரிக்குக் கறி கூடாது. சந்தைக்குப் போய் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்து இத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்கு ஒரு துண்டு வாயில் வைக்க முடியாது.

எனக்கும் வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரே கறி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நான் குழம்பு வைப்பேன். அவருக்குக் கேப்பைக் கூழும் வெங்காயமும். அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பிடுட்டி. சாப்பிட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லு" என்பார்.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? கடைக்காரன் கூடத்தான் நல்லாருக்கும்பான். மொளவு தூக்கலா? கறி வெந்திருக்கா? எலும்பைக் கடி, உள்ள சாறு இருக்கா?"

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். உரைப்பு தொண்டையில் எந்த இடத்தில் பிடிக்கிறது, கொழுப்பு நாக்கில் எப்படிக் கரைகிறது என்று சொல்ல வேண்டும். முதலில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பிறகு அவருக்குச் சொல்லுவதற்காகவே நன்றாக மென்று தின்றேன். பிள்ளை இல்லாத வீட்டில் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. இந்த வருஷம் நான் கறி எடுக்கவே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லையென்றால் எதற்குத் தின்ன.

அப்படிப் பட்டினி கிடந்து காத்த உடம்பிலிருந்து கடைசி நாள்கூட எடுத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன. அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். புரதம் எல்லாம் வேண்டாம்.

முப்பிடாதி


சென்னை
6-3-1980

அன்புள்ள மதினிக்கு,

இதற்குப் பதில் எழுதக் கூடாது என்று அண்ணன் சொன்னான். எழுதாமல் இருந்தால் நீங்கள் கடைசி வரைக்கும் என்னை அப்படித்தான் நினைப்பீர்கள். எழுதினால் அண்ணன் பேச்சைத் தட்டியவன் ஆவேன். நான்கு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்று நான் ஊசி கொண்டு வரவில்லை. அவனைப் பார்க்கத்தான் வந்தேன். நீங்கள் கஞ்சி வாங்கப் போனதும் கண்ணைத் திறந்தான். "ஏலே சம்முகம், ஊசி எங்கல?" என்றான். "அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே, சும்மா படு" என்றேன். "நர்ஸம்மாகிட்டக் கேட்டு வாங்கிட்டு வா. இந்தத் தடவை நல்லா வெள்ளையா வரும். இனிமே ஒனக்குக் கெடைக்காதுல. அவ வாரதுக்குள்ள எடுத்துரு."

நான் மாட்டேன் என்றேன். அவன் விடவில்லை, நர்ஸிடம் ஊசி வாங்கி வந்தேன். அவன் தானே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். அந்தக் கையில் நரம்பு அகப்படவில்லை. அடுத்த கையை நீட்டினான். அதில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். நீங்கள் பேசியதை எல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நீங்கள் வெளியே போனதும், "அவகிட்டச் சொல்லாதல, பயந்துருவா. நான் பொழச்சுக்கிடுவேன்னு இருக்கா" என்றான்.

அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தான் காடாத்துக்கும் நிற்கவில்லை. நின்றிருந்தால் சொல்லியிருப்பேன்.

புரதம் வேண்டாம் என்றீர்கள். ஆனால் அண்ணனுக்கு நான் எப்படிச் சொன்னேனோ அப்படி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

உச்சி வெயிலில் செம்மறி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்று வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு மொத்தமாக மொய்த்து நிற்கும். அடித்தாலும் நகராது. அந்தப் புரதங்களும் அப்படித்தான். முதுகில் கொழுப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் விட்டால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கூட்டமாக நிற்கிறவை சுமை தூக்க வராது. ராயகிரிப் பக்கம் நாம் மேய்க்கப் போனபோது அப்பா செம்மறிக்குள் நாலு வெள்ளாட்டை விடுவாரே, அது உள்ளே புகுந்து புகுந்து கூட்டத்தைக் கலைக்குமே, பித்தநீரில் இருக்கிற உப்பு அந்த வெள்ளாடு மாதிரி. ஒட்டி நிற்கிற புரதங்களுக்கு நடுவில் புகுந்து பிரித்துவிடும். அண்ணனுடைய புரதங்கள் மற்றவர்களுடையதைவிடக் கெட்டியாக ஒட்டுகின்றனவோ, அதனால்தான் சுமை தேங்கியதோ என்பது என் சந்தேகம். பித்தநீர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைச் சொன்னதும் அண்ணன், "அப்ப என் ரத்தத்துக்குள்ள வெள்ளாடு போதலைங்கியா" என்று சிரித்தான்.

நான் கேட்டு அவன் அனுப்பிய ஆட்டுப் பித்திலிருந்து எடுத்த உப்பை இன்னும் ஒரு சீசாவில் வைத்திருக்கிறேன். அவன் பாலுக்கு அவன் ஆட்டுப் பித்தைத்தான் விட வேண்டும் என்று வேறு எதற்கும் எடுக்கவில்லை.

சண்முகையா


சங்கரன்கோவில்
14-3-1980

சம்முகத்துக்கு,

இனி நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

நீ எழுதியது நிஜம்தான். "நல்லா வெள்ளையா வரும்" என்று நீ கற்பனை செய்து எழுத முடியாது. அது அவர் பேச்சு. ஆடு விற்கிற பேச்சு. கடைசியில் தன்னையே அப்படி விற்றிருக்கிறார்.

எனக்குப் பயம் என்றாராக்கும். அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கஞ்சி வாங்கிட்டு வா என்று அவர்தான் அனுப்பினார். எதற்கு அனுப்பினார் என்று இப்போது தெரிகிறது. உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது இருந்த இடம் சும்மா கிடக்கிறது. அது எனக்குத் துணையாக இருந்திருக்கிறது போல.

பித்து என்று எழுதியதும் கொஞ்சம் சிரித்தேன். இந்த வருஷத்தில் முதல் தடவை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய உப்பு வரவில்லை, ஆட்டுப் பித்து வேண்டும், கெடாமல் அனுப்பு என்று நீ அவருக்கு எழுதினாயே. அப்போது உச்சினிமாகாளி கோயிலில் கொடை விழா. வெட்டின கிடாய்க்கெல்லாம் பித்தப்பையை எனக்குக் கொடு என்று சட்டியோடு அலைந்தார். அறுக்கிறவர்கள், "பித்து ஒடைஞ்சா கறி பூரா கசக்கும்னு நாங்க பயந்து அறுக்கோம், நீரு சட்டி கொண்டு வாரீரு" என்று திட்டினார்கள். கெடாமல் அனுப்பு என்று எழுதியிருந்தாயா, நமக்குக் கெடாமல் வைக்கத் தெரிந்தது ஒன்றுதானே, உப்புக்கண்டம். பை பையாக உப்பில் புரட்டி, சணல் கயிற்றில் கோத்து, துணிக்கொடியில் கட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டு அலிமா பீவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மூக்காண்டி, கொடியில கத்தரிக்கா காய்ச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"எங்க தம்பி மெட்ராஸ்ல பித்துக் கொழம்பு வைக்கப் போறானாம் பீவி."

"படிச்ச புள்ளைக்கு இந்தக் கெதியா" என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். ஒரு காக்கா கொத்திப் பார்த்துவிட்டுக் கோபுரம் வரைக்கும் கத்திக்கொண்டே பறந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் காக்காயே வரவில்லை. அமாவாசைக்குச் சோறு வைக்க நான் அலிமா பீவி வீட்டுச் சுவருக்குப் போக வேண்டியிருந்தது.

அதைப் பிரித்துப் பார்த்து உங்கள் பேராசிரியர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை.

சம்முகம், இப்போது எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. குழாயை அனுப்பாதே. ஆராய்ச்சியும் செய்யாதே. அப்படியே இருக்கட்டும். ஒரு பிள்ளை இருந்தால் அவர் ரத்தம் என்று அதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். இல்லை. இந்த உலகத்தில் அவர் என்று மிச்சம் இருப்பது உன் பெட்டியில்தான் இருக்கிறது. குளிராக இருந்தாலும் இருக்கிறாரே. எனக்கு அது போதும். நான் மெட்ராஸுக்கு வந்தால் ஒரு தடவை திறந்து காட்டு.

முப்பிடாதி


சென்னை
2-4-1980

அன்புள்ள மதினிக்கு,

பேராசிரியர் பார்சலைப் பிரித்து ஒன்றை முகர்ந்து பார்த்து, "அத்திப்பழமா?" என்று கேட்டார். நீங்கள் புரட்டிய உப்பிலிருந்து பித்து உப்பைப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் காய்ந்திருந்ததால்தான் அது ரயிலில் அழுகாமல் வந்தது. அண்ணன் செய்த தப்பு எனக்கு உதவியாகப் போயிற்று.

நீங்கள் கேட்டதைச் செய்ய எனக்கு ஆசைதான். இரண்டு வாரமாக எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

அது அப்படியே இருக்காது மதினி. பனியில் வைத்தால் மெதுவாகக் கெடுகிறது, அவ்வளவுதான். இங்கே இப்போது தினமும் கரண்டு போகிறது. போன வாரம் காலையில் போனது சாயங்காலம்தான் வந்தது. நான் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்து பெட்டிக்குள் கொட்டினேன். அதற்குள் குழாய் இளகிவிட்டது. திறந்து பார்த்தேன். ஓரத்தில் மாவு மாதிரி திப்பி திப்பியாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடவை இளகி உறையும்போதும் புரதங்கள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எந்தப் பித்தாலும் பிரிக்க முடியாதபடி கட்டியாகிவிடும். அப்போது அது ஆராய்ச்சிக்கும் ஆகாது. அண்ணனாகவும் இருக்காது. பெயர் ஒட்டிய ஒரு குழாயாக இருக்கும்.

நான் வற்புறுத்தவில்லை. செய்யாதே என்றால் செய்ய மாட்டேன். ஆனால் வைத்துக்கொள்ள மட்டும் என்னால் முடியாது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்முகையா


சங்கரன்கோவில்
20-4-1980

சம்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாளும் அதை அரிசிப் பானைக்கடியில் வைத்திருந்தேன். எடுத்தால் பதில் எழுத வேண்டுமே.

நேற்று மேலநீலிதநல்லூருக்குப் போனேன். அவரை வைத்த இடத்தில் மேடு தணிந்துவிட்டது. மழை பெய்து புல் முளைத்து, யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்தது. விரட்டப் போனேன், விரட்டவில்லை. நல்ல ஆடு. அவர் பார்த்தால் முதுகைத் தடவியிருப்பார். அங்கே அவர் கெட்டு, மண்ணாகி, புல்லாகி, ஆட்டு வாய்க்குப் போய்விட்டார். இங்கே நான் ஒரு விரல் தண்டிக்கு அவரைக் கெடாமல் வைக்கப் பார்க்கிறேன். அத்தை பெற்ற பிள்ளை ஒன்றும் தங்கவில்லை என்று, இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று மூக்குக் குத்தி மூக்காண்டி என்று பேர் வைத்தாள். அவள் இழுத்துப் பிடித்தாள். நானும் இழுத்துப் பிடிக்கிறேன். ஒரு மனுஷனை எத்தனை பேர்தான் இழுத்துப் பிடிப்பது.

நீ செய். அவர் சட்டைக் கையைச் சுருட்டியது அதற்குத்தானே. நான் வேண்டாம் என்றால் அந்தக் கையைத் தட்டிவிட்டது மாதிரி ஆகும்.

பாதியை எடுத்துக்கொள். பாதியைப் பாலாகவே எனக்குக் கொண்டு வா. வேலை முடிந்து மிச்சம் இருப்பதையும் அங்கே சாக்கடையில் ஊற்றிவிடாதே. ஆள் மூலம் வேண்டாம். நீயே கொண்டு வா.

செய்து முடித்ததும் என்ன நடந்தது என்று எழுது. நல்லாயிருந்தது என்று மட்டும் எழுதாதே. ஒவ்வொன்றாக எழுது.

முப்பிடாதி


சென்னை
18-5-1980

அன்புள்ள மதினிக்கு,

ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பாதியை எடுத்து அதிலிருந்த கொழுப்பை நீக்கினேன். அதுவே ஒரு வாரம் ஆனது. கொழுப்பு போனதும் பால் நிறம் போய்விட்டது. மிஞ்சிய புரதம் பார்க்க ஒன்றுமே இல்லை, குழாயின் அடியில் விபூதி மாதிரி. அதைத் தண்ணீரில் கரைத்தேன். கரைந்தது போலத் தோன்றி, வைக்க வைக்கக் கலங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாக ஒட்டி மிதந்தது. நான் சொன்னேனே, உச்சி வெயில் செம்மறி, அதுதான்.

பக்கத்தில் இன்னொரு குழாய். அதில் என் ரத்தத்திலிருந்து எடுத்த புரதம். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத ஒருவனுடையது வேண்டும். என் கையில் நானே குத்திக்கொண்டேன். அதுவும் அதே மாதிரிக் கலங்கி நின்றது.

பிறகு அண்ணன் அனுப்பிய பித்து உப்பை இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. விட்டேன், குலுக்கினேன், பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு ஒரு சொட்டு விழுந்தது. கலங்கல் ஓரத்திலிருந்து விலக ஆரம்பித்தது. அடுத்த சொட்டில் முழுக்கத் தெளிந்துவிட்டது. குழாய்க்குப் பின்னால் இருந்த சன்னல் கம்பி தெரிந்தது. வெளியே நின்ற சைக்கிள் தெரிந்தது.

என் குழாயும் அதே இடத்தில்தான் தெளிந்தது.

அதற்கு அர்த்தம், என் சந்தேகம் தப்பு. அண்ணனுடைய புரதங்கள் என்னுடையதைவிடக் கெட்டியாக ஒட்டவில்லை. நோய் அங்கே இல்லை. சுமை தூக்குகிறவர்களில் யாரோ ஒருவர் அவனுக்குப் பிறவியிலேயே வராமல் இருந்திருக்கலாம். இறக்குகிற இடத்தில் கதவு அடைத்திருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. மீதிப் பாதியைக் கேட்க மாட்டேன். அது உங்களுடையது. பேராசிரியர், "இங்கே இல்லை என்று தெரிந்ததே, அதுவும் தெரிந்ததுதான்" என்றார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நோய் தெரிந்த நாளிலிருந்து அண்ணனுடையதைப் பாலாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை.

திவசத்துக்கு முந்தின நாள் கொல்லம் மெயிலில் வருகிறேன். வாசலை மிதிக்கலாமா? பெரிய பிளாஸ்க்கில் ஐஸ் நிரப்பி, நடுவில் குழாய்களை வைத்துக் கொண்டு வருவதாக ஏற்பாடு. விருதுநகரில் வண்டி நிற்கும்போது ஐஸ் மாற்றிவிட்டால் வீடு வந்து சேரும் வரை கெடாது.

சண்முகையா


சங்கரன்கோவில்
29-5-1980

அன்புள்ள சம்முகத்துக்கு,

உன்னுடையதும் அவருடையதும் ஒரே சொட்டில் தெளிந்தது என்று எழுதியிருந்தாய். நீ அதைத் தோற்றது மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை. அலிமா பீவியிடம் வாசித்துக் காட்டினேன். "கூடப்பெறந்தவன்லா, வேற எப்பிடி இருக்கும்?" என்றாள். அவள் சொன்னதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஐஸ் வேண்டாம். பிளாஸ்க்கும் வேண்டாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரமாக உட்கார். வருஷம் பூரா விறைத்துக் கிடந்தவர் மேல் ரயிலில் கொஞ்சம் வெயில் படட்டும். கெட்டுப் போகுமே மதினி என்று எழுதாதே. கெடட்டும். மண்ணுக்குப் போகிறது கெடாமல் இருந்து என்ன செய்ய.

ஸ்டேஷனுக்கு நான் வருவேன். அவர் கம்பளியைக் கொண்டு வருவேன். நீ சிரிக்காமல் இருந்தால் போதும்.

அன்றைக்குக் காடாத்துக்குப் பொம்பளை வரக் கூடாது என்று என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை நீ இந்தப் பக்கம் நில், நான் அந்தப் பக்கம் நிற்கிறேன். பாலாக இருப்பதை நான் ஊற்றுகிறேன். தெளிந்ததை நீ ஊற்று. யாராவது கேட்டால், அவர் பாலை அவருக்கு ஊற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

படையலுக்குக் கறி எடுக்கப் போகிறேன். தங்கப்பழம் அண்ணாச்சியிடம் நல்ல வெள்ளாட்டங்கிடாயாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கொழுப்பை ஒதுக்காமல், நல்லெண்ணெய் மேலே நிற்கிற மாதிரி, எலும்போடு குழம்பு வைப்பேன். அவருக்கு இனிப் பத்தியம் இல்லை. அவர் இலைக்குப் பக்கத்தில் உனக்கு இலை போடுவேன். மிளகு தூக்கலா, எலும்புக்குள் சாறு இருக்கிறதா என்று நீ வாய் விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கேட்பார். இத்தனை வருஷம் நான் சொன்னேன். இந்த ஒரு தடவை நீ சொல்லு, நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் மதினி
முப்பிடாதி